வெள்ளிக்கிழமைத் தலைக்கணக்கு

மந்தைவெளியில் இருந்த அந்த அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அதிகாரி சாய்நாத் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை பகல் ஒன்றேகாலுக்கு. அரசுச் செலவைக் குறைக்கப் போட்ட குழுவின் ஆள். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் பள்ளியை மூடிவிடலாம் என்று உத்தரவு. பார்த்துப் பார்த்து இந்த நேரத்துக்கா வர வேண்டும் என்று தலைமை ஆசிரியை தஹ்சீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பில் ஆறு பெண் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். விரல் நீட்டி எண்ணி, படிவத்தில் 'ஆறு' என்று எழுதினார் சாய்நாத்.

"பதினேழு சார். பசங்க பதினோரு பேரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காங்க. வருஷம் பூரா வெள்ளிக்கிழமை இப்படித்தான். ரெண்டேகாலுக்கு வந்துடுவாங்க."

"கண்ணால பார்த்ததைத்தான் மேடம் எழுதணும். இன்னும் நாலு ஸ்கூல் பாக்கி. ஒரு கையெழுத்துப் போடுங்க."

சத்துணவு ஆயா அஸ்மத்துன்னிசா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "இன்னா மேடம், மூடிடுவாங்களா? அடுத்த இஸ்கூலுக்கு மெயின் ரோட்டத் தாண்டணுமே. இதுங்க எப்டிப் போவும்?"

சாய்நாத் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் தஹ்சீன் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள். அவரோ பொறுமையாக விளக்கினார்.

"அரசாங்கம் கழுத்து வரைக்கும் கடன்ல இருக்கு மேடம். எல்லாத்தையும் அதுவே நடத்தினா தாங்காது. தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க, நேத்துப் பொறந்த குழந்தை தலையில கூடக் கடன். இந்தப் பிள்ளைங்க நல்லதுக்குத்தான் செலவைக் குறைக்கறோம்."

"அந்தக் கணக்குல எங்க பசங்க பதினோரு பேரும் உண்டா சார்?"

"எல்லார் தலையும் உண்டு."

"வெள்ளிக்கிழமை ஒண்ணேகாலுக்குக் கூடவா?"

அவர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கடன்னா பதினேழு தலை, பள்ளிக்கூடம்னா ஆறு தலை. நல்லா இருக்கு சார் உங்க சிக்கனம்! நான் கையெழுத்துப் போட மாட்டேன். மெமோ கொடுங்க, வாங்கிக்கறேன்."

படிவத்தை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பயம் இருந்தது, கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

"உட்காருங்க. பசங்க வந்ததும் நீங்களே எண்ணுங்க."

சாய்நாத் கடிகாரத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், உட்கார்ந்தார்.