இந்த வாரம் வாங்காதீங்க

வெள்ளிக்கிழமை என்றாலே அர்ச்சனா போனை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தாள். விலங்கியல் படித்தவள்; நாலு பேர் முன்னால் நின்றால் பேச்சு வராது. லைட்ஹவுஸ் குப்பத்தில் அவள் அண்ணி இளவரசி போடும் இறால் ஊறுகாய்க்கு அவள்தான் பிளாக் ஆரம்பித்தாள். வெள்ளிதோறும் ஒன்று எழுதுவதாக வாக்கும் கொடுத்திருந்தாள். இறாலின் புரதம், உப்பு செய்யும் வேலை, வெயிலில் ஈரம் போகும் விதம் என்று ஒன்பது வாரம் ஓடியது. பத்தாவது வாரம் கை நின்றுவிட்டது. மூன்று வெள்ளி வெறுமனே போயின. கடை இன்னும் இருக்கிறதா என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.

அண்ணி கோபப்படவில்லை. இந்த வெள்ளியும் ஒன்றும் வராவிட்டால் மூடிவிடலாம், பழையபடி சந்தையிலேயே விற்றுக்கொள்ளலாம் என்றாள். அதுதான் அர்ச்சனாவைச் சுட்டது. அவள் தயங்காமல் பேசிய ஒரே இடம் அந்த பிளாக்.

இளவரசியோடு வேலை செய்பவர்கள் ராஜம்மாவும் மனோரமாவும். இறால் உரித்துக்கொண்டிருந்த ராஜம்மா சிரித்தாள்.

"ஒரே ஆளு வாராவாரம் ஒரே எடத்துல வலை போட்டா இன்னாடி கெடைக்கும்? பாடு வையி."

குப்பத்தை ஒட்டிய ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்று மீனவர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. ஒருவர் முறையில் இன்னொருவர் தலையிடக் கூடாது. பிளாக்கில் எந்த வெள்ளி யார் முறை என்று பாத்திர மூடி ஒன்றில் நாலு பேருக்கும் நாலு சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு ராஜம்மாவுக்கே விழுந்தது.

அவளுக்கு எழுத வராது. வெள்ளி காலை அவள் சொல்லச் சொல்ல அர்ச்சனா போனில் தட்டினாள். புருஷன் பெருமாளின் குறட்டை, முதல் தடவை மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு இளவரசியிடம் மறைத்தது, எல்லாம் வந்தது. கடைசியில் சொன்னாள்: "இந்த வாரம் இறாலு பொடிசா கீது. வாங்காதீங்க. நல்லது வந்தா சொல்றேன்."

அர்ச்சனாவின் விரல் நின்றது. வியாபாரத்துக்கு வைத்த பிளாக்கில் வாங்காதே என்று போடுவதா? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டாள்.

"என் மொறையில என் வலைய அவுக்க நீ யாருடி?"

அர்ச்சனா அந்த வரியையும் அப்படியே போட்டாள். இளவரசி படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. குறட்டைக்குச் சிரித்தவர்கள் பாதி. நல்ல இறால் வரும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றவர்கள் மீதி. அர்ச்சனா ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தாள். குரல் தெருமுனைவரை போனது அவளுக்கே தெரியவில்லை. ஏரியிலிருந்து வந்த பெருமாளிடம் யாரோ தூக்கம் எப்படி என்று விசாரிக்க, அவர் திருதிருவென்று விழித்தார்.

அடுத்த வெள்ளி மனோரமாவின் முறை. அவள் புதன்கிழமையே வந்து உட்கார்ந்துவிட்டாள். சொல்ல இவ்வளவு இருக்க, வாரத்துக்கு ஒரு நாள் எப்படிப் போதும் என்று சண்டை. இளவரசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"செவ்வாக்கெழம சும்மாதானே கீது?"

ரெண்டு நாளென்றால் என் கை வலிக்காதா அண்ணி என்று கேட்டுக்கொண்டே அர்ச்சனா போனை சார்ஜில் போட்டாள்.