அப்பா எழுத வேண்டிய பக்கம்

விண்ணப்பத்தை அனுப்ப இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. அன்று ஞாயிறு மாலை ஏழு மணி. புதன் மாலை ஆறு மணிக்கு மேல் இணையதளம் எதையும் வாங்கிக்கொள்ளாது. தவறவிட்டால் அதற்கடுத்த திங்கள் மதியம் சேஹான் தலையை மொட்டையடித்துக்கொண்டு, தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் கட்டாய ராணுவப் பயிற்சி முகாமின் வாசலுக்குள் போயாக வேண்டும்.

போவதாக அவனுக்கு உத்தேசம் இல்லை.

ஏன் என்று எழுத அவனுக்கு ஐந்து மாதம் பிடித்தது. நான்கு பக்கம். நண்பர்கள் மூன்று பேர் ஆளுக்கு ஒரு பக்கம் சாட்சியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவன், 'மேலும் சேஹான் நூடுல்ஸ் நன்றாகச் சமைப்பான்' என்று முடித்திருந்தான். திருத்தச் சொல்ல நேரம் இல்லை. பாக்கி ஒரே ஒரு தாள். அதன் தலைப்பு 'பெற்றோர் வாக்குமூலம்'. மகனின் மனசாட்சி நிஜமானதுதான் என்று பெற்றவர் தன் பெயரில் சொல்ல வேண்டும். அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மிச்சம் இருப்பது அப்பா.

அப்பாவுக்கு விஷயமே இன்னும் தெரியாது.

அப்பா மா தொக்சூவின் தொழிலே மொட்டையடிப்பதுதான். தென்கொரியாவின் நோன்சானில் திங்களும் வியாழனும் நாடு முழுவதிலிருந்தும் பையன்கள் வந்து இறங்குவார்கள். கடைசி நிமிடம் வரை முடியை விட மனம் வராதவர்கள் முகாமுக்கு எதிரே உள்ள 'வெற்றி சலூன்' நாற்காலியில் வந்து உட்காருவார்கள். வலப்பக்க நாற்காலி அப்பாவுடையது, இடப்பக்கம் சேஹானுடையது. கண்ணாடியில் கண் கலங்கும் பையன்களுக்கு அப்பாவிடம் ஒரு கதை உண்டு.

"நானும் இப்படித்தான் தம்பி, மொட்டைத் தலையோட இந்த வாசல்ல வந்து நின்னேன். நாப்பத்திமூணு கிலோ. காத்தடிச்சா பறந்துடுவேன். சொர்வோன்ல இடுப்பளவு பனி. நாங்க பயந்தோமா?"

சில நாள் பனி வடக்கு எல்லையில், சொர்வோனில் பெய்தது. சில நாள் இன்ஜே மலையில். ஒரு சமயம் பெங்னியோங் தீவில் கடலையே பார்த்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் கழித்ததாகவும் சொன்னார். சேஹானுக்கு எதையும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. எல்லாக் கதைகளையும் கூட்டினால் அப்பா பதினோரு வருடம் பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டும். ஆம்பிளைகள் எல்லோரும் இந்தக் கதைகளைக் கொஞ்சம் ஊதித்தான் சொல்வார்கள் என்று அவன் விட்டுவிட்டான்.

அன்று மாலை அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தபோது ஓக்பூன் சித்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சலூனுக்கு வெளியே தள்ளுவண்டி போட்டு, பூட்ஸுக்குள் வைக்கும் மெத்தை, முட்டி உறை, இருட்டில் மின்னும் கடிகாரம் எல்லாம் விற்பவள்.

"இந்தாடா, உனக்காக எடுத்து வச்சது." ஒரு கடிகாரத்தையும் இரண்டு ஜோடி மெத்தையையும் மேசைமேல் போட்டாள். "தொக்சூ மகன் கால்ல கொப்புளம்னு நாளைக்கு எவனும் சொல்லிடக் கூடாது. என் வியாபாரம் படுத்துடும்."

அப்பா சிரித்தார். சேஹான் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கள் காலை எட்டிலிருந்து ஒன்றரை வரை நிற்க நேரமில்லை. பேருந்து பேருந்தாக வந்தார்கள். அம்மாக்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள். காதலிகள் உதிர்ந்த முடியில் ஒரு கொத்தை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார்கள். சேஹான் ஒவ்வொரு தலையிலும் இடது கையின் இரண்டு விரலால் காதை மடித்துப் பிடித்து, அதன் பின்னால் மெஷினை மெதுவாக ஓட்டினான். பயந்த பையனின் காது சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் சூடாகும்.

இரண்டு மணிக்கு முகாமுக்குள் பேண்டு வாத்தியம் கேட்டது. தெரு ஒரேயடியாகக் காலியானது. இரண்டரைக்கு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கிண்ணங்களில் கறுப்புக் குழம்பு நூடுல்ஸ் வந்தது. அப்பா தாளைக் கிழித்துக் குழம்பைக் கிளறினார்.

"அப்பா, அடுத்த திங்கக்கிழம நான் போகல."

"எங்க?"

"உள்ள."

"ஏன், தேதியத் தள்ளிப் போட்டுட்டாங்களா?"

"இல்லப்பா. நான்தான். என்னால துப்பாக்கி எடுக்க முடியாது. அதுக்குப் பதிலா ஜெயில்ல வேலை செய்யறேன்னு எழுதிக் கேக்கப் போறேன்."

அப்பாவின் நூடுல்ஸ் குச்சிகள் நின்றன. "ஜெயில்லயா? என்னடா பண்ணித் தொலைச்ச?"

"கைதியா இல்லப்பா. சமையக்கட்டு, துணி வெளுக்கறது, அந்த மாதிரி வேலை. மூணு வருஷம்."

"பட்டாளம் எவ்வளவு?"

"பதினெட்டு மாசம்."

அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். "இரட்டிப்பு."

"ஆமா."

"நூடுல்ஸ் ஊறுது பாரு. சாப்பிடு."

சேஹான் சாப்பிடவில்லை. பள்ளியில் முகாமைப் பார்க்க அழைத்துப்போன நாளைச் சொன்னான். ஆளுக்கு ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்து, எதிரே ஆள் உருவில் வெட்டிய பலகையைக் குறி பார்க்கச் சொன்னார்கள். அவன் கீழே வைத்துவிட்டான். வாத்தியார் திட்டினார்.

"பலகைதானேடா."

"அதுக்குக் காது வரைஞ்சிருந்தாங்கப்பா."

அப்பா வாயில் இருந்த மஞ்சள் முள்ளங்கியை மென்று விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஓக்பூன் சித்தி வினிகர் கேட்டு உள்ளே வந்தாள். வந்தவள் பாதிப் பேச்சைக் கேட்டு, மீதியைப் பிடுங்கித் தெரிந்துகொண்டாள்.

"துப்பாக்கி தொடாத யெகோவா சாட்சிக்காரங்க சபையில சேந்துட்டியா?"

"இல்ல சித்தி."

"புத்தர் கோயிலா?"

"அதுவும் இல்ல."

"அப்ப சாமியும் இல்லாம, பூதமும் இல்லாம, நீயா ஒக்காந்து யோசிச்சு மூணு வருஷம் வாங்கிக்கிட்டியா? தொக்சூ, இவனைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பியிருக்கணும்." கையை நீட்டினாள். "அந்த வாட்ச்சக் கழட்டு. இருட்டுல மின்னறது அது. ஜெயில்ல விடிய விடிய லைட்டு எரியும்."

சேஹான் கழற்றிக் கொடுத்தான். மெத்தைகளையும் எடுத்து நீட்டினான்.

"அத வச்சுக்கடா முட்டாள். சமையக்கட்டுலதான் கால் ஜாஸ்தி நோகும். மூணு வருஷத்துக்கு ரெண்டு ஜோடி எப்படிக் காணும்?" வெளியே போய் இன்னும் நான்கு ஜோடியைக் கொண்டுவந்து போட்டாள். வினிகரை மறந்துவிட்டுப் போனாள்.

சேஹான் தாளை அப்பாவின் முன்னால் வைத்தான். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். தாளின் அடிப்பக்கம், கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. திரும்ப ஒருமுறை படித்தார். அதே இடத்தில் நின்றது. பிறகு தாளை நான்காக மடித்துப் பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

"பாக்கலாம்" என்றார்.

செவ்வாய் கடைக்கு விடுமுறை. அப்பா வழக்கம்போல் தாப்ஜோங் ஏரிக்குத் தூண்டிலோடு கிளம்பினார். சேஹானும் கூடவே போனான். கரையில் இரண்டு மடக்கு நாற்காலி, நடுவில் தெர்மாஸ். ஒரு மணி நேரம் மிதவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிமேல் வெயில் நன்றாக இருந்தது.

"விசாரணைக் குழு முன்னாடி நிறுத்திக் கேள்வி கேப்பாங்களாமே?" என்றார் அப்பா.

"ஆமா. எப்பவாவது அடிதடி போட்டிருக்கியா, துப்பாக்கி சுடற கேம் ஆடியிருக்கியான்னு எல்லாம்."

"ஆடியிருக்கியா?"

"கார் ரேஸ் மட்டும்தான்."

"அதுலயும் கடைசியாத்தான் வருவ." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரிக் குரலுக்கு மாறினார். "மா சேஹான்! திருடன் ஒருத்தன் உங்கப்பா கழுத்துல கத்தி வச்சா என்ன பண்ணுவீங்க?"

"திருடனை நெனச்சுக் கவலைப்படுவேன் சார். எங்கப்பா கையில சவரக்கத்தி இருக்கும்."

அப்பா சிரித்த சிரிப்பில் மிதவை ஆடி, அருகில் வந்த மீன் ஓடிவிட்டது. சிரிப்பு அடங்கியதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தத் தாளை நான்தான் எழுதணுமா? ஓக்பூன் எழுதினா ஆகாதா?"

"சித்தியா என்னைப் பெத்தாங்க?"

"கேட்டா ஆமான்னுதான் சொல்லுவா."

"அப்பா, எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு அவமானமா இருக்கும். எனக்குப் புரியுது. நீங்க அந்தப் பனியில நின்னவரு. உங்க மகன் போய்..."

அப்பா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வந்து, தெர்மாஸைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டார்.

"வாயை மூடிட்டு மீனைப் பாரு."

அன்றைக்கு மீன் எதுவும் சிக்கவில்லை. கடைக்குத் திரும்பியபோது பவுடர் டப்பாவுக்கு அடியில் தாள் வெள்ளையாகவே இருந்தது.

புதன் மதியம் வரை அப்பா சீப்புகளைக் கழுவினார், கழுவிய சீப்புகளையே திரும்பக் கழுவினார். மூன்று நாற்பதுக்கு ஒரு வண்டி வந்து நின்றது. மறுநாள் முகாமுக்குள் போகவேண்டிய பையன் ஒருவன், கூடவே அவன் அப்பா. தெற்கே கடலோர மொக்போவிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்தார்கள். பையனுக்குக் காதுவரை தொங்கும் அடர்ந்த முடி. அவனுடைய அப்பா சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, மகனைவிடக் கலங்கிய முகத்தோடு கண்ணாடியைப் பார்த்தார்.

சேஹான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். ஆறு மணிக்கு இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம் இருந்தது.

அப்பா மெஷினைப் போட்டு நெற்றியிலிருந்து முதல் வரியை ஓட்டினார். பையனின் உதடு துடித்தது.

"தம்பி, நானும் இப்படித்தான் இந்த வாசல்ல..." என்று ஆரம்பித்த அப்பா, சேஹானைப் பார்த்ததும் அதோடு நிறுத்தினார். அடுத்த வரியைச் சும்மாவே ஓட்டினார். பிறகு சொன்னார்:

"டேய், அந்தத் தாளை எடு. எனக்குக் கை வேலையா இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீ எழுது. கையெழுத்து நான் போடறேன்."

சேஹான் பவுடர் டப்பாவை நகர்த்திய வேகத்தில் பவுடர் கொட்டியது.

"என் மகன் மா சேஹான் ஆறு வருஷமா எங்கூட முடி வெட்டறான். திங்களுக்கு முப்பது தலை, வியாழனுக்கு முப்பது தலை. எத்தனை காது ஆச்சு?"

"முப்பத்தேழாயிரத்துச் சொச்சம்."

"முப்பத்தேழாயிரம் காது. ஒண்ணுலகூடக் கீறல் விழல. எழுது."

"ஒண்ணு விழுந்துச்சேப்பா. போன வருஷம் அந்தத் தேகூ ஊர்ப் பையனுக்கு."

"அவன் தும்மினான். அத எழுதாத."

"உண்மைய எழுதணும்பா. அதுக்குத்தானே இந்தத் தாளே."

அப்பாவின் கை ஒரு நொடி தயங்கியது. "சரி. ஒண்ணுன்னு எழுது. அன்னைக்கு ராத்திரி நீ சாப்பிடாம படுத்த. மறுநாள் முகாம் வாசல்ல போய் அவனுக்கு மருந்து குடுத்தனுப்ப முடியுமான்னு காவக்காரன்கிட்டக் கெஞ்சின. காவக்காரன் சிரிச்சான். அதையும் எழுது. இவன் சொல்றது நிஜம். அவ்வளவுதான், எனக்கு வேற எழுதத் தெரியாது."

மொக்போக்காரர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "என்ன தாள் அது?"

"இவன் பட்டாளத்துக்குப் போகமாட்டானாம். மனசாட்சி" என்றார் அப்பா, சளி பிடித்திருக்கிறது என்பதுபோல.

மொக்போக்காரர் சேஹானை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியில் இருந்த பையன் கண்ணாடி வழியாகக் கேட்டான். "அண்ணே, அப்படியும் பண்ணலாமா?"

"நீ தலைய ஆட்டாம இரு" என்றார் அவன் அப்பா. பிறகு சலூன்காரரிடம், "உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? நீங்க பழைய பட்டாளத்துக்காரர்னு இந்தத் தெருவே சொல்லுதே. வெளிய மெத்தை விக்கிற அம்மா சொன்னாங்க, சொர்வோன்ல இருந்தீங்களாமே? நானும் சொர்வோன்தான்! எந்தப் பிரிவு?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பையனின் தலையில் வலப்பாதி வெளுத்திருந்தது. இடப்பாதியில் முடி அப்படியே இருந்தது.

"கடைசியா ஒரு கட்டம் இருக்குப்பா" என்றான் சேஹான். "'தந்தையின் ராணுவப் பணி. பிரிவு, பதவி, ஆண்டுகள்.' என்ன போடட்டும்?"

"சொல்லுங்க சொல்லுங்க, அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மொக்போக்காரர்.

கதவோரம் ஓக்பூன் சித்தி வந்து நின்றாள், கையில் காலி வினிகர் பாட்டிலோடு. அப்பா கண்ணாடியில் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். இரண்டு விரலால் பையனின் காதை மடித்துப் பிடித்தவர், பிடித்தபடியே மெஷினை அணைத்தார். தாளில் அந்தக் கட்டத்தைச் சேஹான் பார்த்தான். அப்பாவின் விரல் இரண்டு முறை நின்ற இடம் அதுதான்.

"உண்மைய எழுதணும்னு சொன்னல்ல?"

"ஆமாப்பா."

"அப்ப எழுது. பணி செய்யவில்லை." அப்பா பையனின் காதை விடவில்லை. "நாப்பத்திமூணு கிலோதான் இருக்கேன்னு மூணாம் நாளே வெளிய அனுப்பிட்டாங்க. மொட்டைத் தலையோட ஊருக்குப் போக வெக்கமா இருந்துச்சு. முடி வளர்ற வரைக்கும் இந்தக் கடையில குப்பை கூட்டலாம்னு நின்னேன். நான் பட்டாளத்துக்குப் போனதே இல்லடா."