எவ்லாலியாவின் முதுகெலும்பு

மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் எல் ஆல்ட்டோவின் அரசு மருத்துவமனையில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் எந்திரம் ஒன்றே ஒன்றுதான். அதை இயக்குபவள் நான், நியேவெஸ் திகோனா. அதை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தினமும் காலையில் அதன் படுக்கையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை வைத்துப் படமெடுத்து, கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் ஆளையே உள்ளே விடுவேன்.

அன்று வந்தவர் டோன்யா எவ்லாலியா. பெரியவர்களில் பெண்களை டோன்யா என்றும் ஆண்களை டோன் என்றும்தான் இங்கே மரியாதையாகக் கூப்பிடுவோம். சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவர், அறுபதைத் தாண்டியவர். மணிக்கட்டு இரண்டு முறை முறிந்திருக்கிறது. முதுகுவலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். பின்னால் கைவீசிக்கொண்டு அவர் கணவர் டோன் ஃபெர்மின்.

"வலியாவது ஒண்ணாவது. மூட்டை தூக்கச் சொன்னா மட்டும் வந்துரும் இவளுக்கு," என்றார், நான் கேட்காமலேயே.

படம் எடுத்தேன். முதுகெலும்பு வெள்ளை மேகம்போல் பளிச்சென்று தெரிந்தது, பிளஸ் அரை என்று வந்தது. இருபது வயதுப் பெண்ணின் உறுதியான எலும்பு. மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனால்தான் எலும்பைக் கெட்டியாக்க வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அரசுக் கணக்கில் கிடைக்கும். வெளியே வாங்கிப் போட்டுக்கொள்வது கிழங்கு விற்கிற வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

டாக்டர் ஹிமேனா படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். கீழே சமவெளியில் சாந்தா குரூஸ் பக்கத்துப் பெண், எங்கள் குளிருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

"நியேவெஸ், இது சரியில்ல. மறுபடி எடுங்க."

"என் மெஷின்ல தப்பு வராது டாக்டர். காலையிலதான் சரிபார்த்தேன்."

"நான் மெஷினைச் சொல்லல. ரெண்டு தடவை கை ஒடிஞ்ச பொம்பளைக்கு இப்படி வருமா?"

"அப்ப வேற யாரைச் சொல்றீங்க? என்னையா?"

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எடுத்தேன். அதே பிளஸ் அரை. டோன் ஃபெர்மினுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா, குதிரை மாதிரி இருக்கா. நாளைக்கே மூட்டை தூக்கலாம்."

டோன்யா பாவாடை மடிப்புகளைச் சரிசெய்துகொண்டு, கணவர் வெளியே போனதும் என் கையைப் பிடித்தார். "எனக்கு நிஜமாவே வலிக்குது மகளே. நீயாவது நம்பு." அவரை நம்பினால் என் எந்திரம் பொய். எந்திரத்தை நம்பினால் இந்த மனுஷி பொய். ஊசி இல்லாமல் அனுப்பினால் அடுத்து எது முறியுமோ என்று பயமாகவும் இருந்தது.

சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. காத்திருக்கும் பெண்கள் தாழ்வாரத்தில் துணி விரித்து, அவரவர் கொண்டுவந்ததை நடுவில் கொட்டிவிட்டார்கள். அவித்த கிழங்கு, சோளம், பாலாடைக்கட்டி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். டோன்யா ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். ஃபாசா. கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் பக்கத்தில் வெள்ளைக் களிமண்ணை உப்புத் தண்ணீரில் குழைத்துச் செய்வது. கிழங்கை அதில் தொட்டு ஒரு வாய் போட்டேன். விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மண். வயிற்றில் கரையாத மண். குடலுக்கு நேர் பின்னால்தான் முதுகெலும்பு.

"டோன்யா, இதை தினமும் சாப்பிடுவீங்களா?"

"இது இல்லாம கிழங்கு எப்படித் தொண்டையில இறங்கும்? மூணு வேளையும்தான்."

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அடியே, சாப்பாட்டை எங்க கொண்டு போற?" என்று பின்னால் குரல்கள். ஃபாசாவை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டி, பிளாஸ்டிக் முதுகெலும்பின் மேல் பரப்பி வைத்துப் படமெடுத்தேன். காலையில் ஒழுங்காக இருந்த எண் கிடுகிடுவென்று ஏறி நின்றது. மண்ணையும் எலும்பென்று எண்ணியிருக்கிறது என் செல்ல எந்திரம்.

ஹிமேனா திரையையும் பையையும் மாறிமாறிப் பார்த்தாள். "மண்ணையா சாப்பிடுறீங்க?"

"கீழ்நாட்டுக்காரங்களுக்கு ருசி என்ன தெரியும். ஆனா நீங்க சந்தேகப்பட்டது சரிதான் டாக்டர்," என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் ஃபாசா கூடாது என்று சொல்லி அனுப்பினோம். திரும்பி வந்தார்; படத்தில் அதே வெள்ளை மேகம்.

"நாத்தனார் வீட்டுக் கல்யாணம், மகளே. ஒரு கிழங்குக்குத்தான் தொட்டுக்கிட்டேன்."

"ஒரு கிழங்கா, ஒரு மூட்டையா? நாக்கு வேணுமா, முதுகு வேணுமா, நீங்களே முடிவு பண்ணுங்க." திட்டித்தான் அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க என் வீட்டிலும் ஃபாசா கரைக்கவில்லை. அவர் பட்டினி கிடக்க எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?

அடுத்த வாரம் படுக்க வைத்தேன். மேகம் இல்லை. முதுகெலும்புகள் ஒவ்வொன்றும் சாம்பல் பூத்துத் தெரிந்தன. மைனஸ் மூன்று.

நானும் ஹிமேனாவும் கத்திக்கொண்டு கட்டிப்பிடித்தோம். டோன்யா படுத்தபடியே முழித்தார். "நல்ல சேதியா?"

"மோசமான சேதி டோன்யா, ரொம்ப மோசம்," என்று ஹிமேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க எலும்பு உளுத்துப் போயிருக்கு. நீங்க சொன்னதெல்லாம் நிஜம். ஊசி இன்னைக்கே போட்டுரலாம்."

அவர் மெதுவாக எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்து, நேராக்கி, கதவைத் திறந்தார். தாழ்வாரம் நிறைய ஆட்கள். சந்தையில் கூவும் குரலில் சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் எலும்பு உளுத்துப் போச்சு. மெஷினே சொல்லிருச்சு."

பெண்கள் கைதட்டினார்கள். யாரோ சீட்டியடித்தார்கள். கிழங்கு மூட்டையைக் காலடியில் வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டோன் ஃபெர்மின் எழுந்தார். டோன்யா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபெர்மின், மூட்டையை எடு."

அவர் குனிந்து, மூட்டையைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு, ஊசி போடும் அறைக்கு மனைவியின் பின்னாலேயே நடந்தார்.