இராகுகாலத்துக்கு முன்

உடையார்கட்டுச் சிவரூபியின் கராச்சில், கமக்காரர் சங்கத் தலைவர் ஏரம்பு தன் காரின் நான்கு சில்லுகளுக்குக் கீழும் தேசிக்காய் வைத்துவிட்டு, மாலையோடு ஸ்டேரிங்குக்கு முன்னால் அமர்ந்தார். மாலை காருக்கென்று வாங்கியது. படம் எடுக்கும்போது அது அவர் கழுத்தில் ஏறிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகுகாலம். திருத்திய எஞ்சினை அதற்குமுன் ஸ்டார்ட் செய்யவேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். மணி பத்து இருபத்தேழு.

சிவரூபி திறந்த பொனற்றுக்குள் இன்னும் குனிந்து நின்றாள். கராச் தொடங்கி ஆறு மாதம். அவள் தனியே மாற்றிய முதல் டைமிங் பெல்ற். இறுக்கி, பற்றறி வயரையும் மாட்டியபின் பார்த்தால், மேல் சக்கரத்து அடையாளம் இரண்டு பல் தள்ளி நிற்பதுபோல் இருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும். கராச்சும் போய்விடும்.

"தலைவர், பத்து நிமிசம் பொறுங்கோ. எஞ்சினைக் கையால சுத்திப் பாக்கவேணும்."

"மூண்டு நிமிசந்தான் கிடக்கு பிள்ளை. இராகு உன்ரை ஸ்பனருக்காக நிப்பாரோ?"

"பெல்ற் நழுவினமாதிரிக் கிடக்கு, ஐயா."

"முப்பது வருசமாத் தலைமை தாங்கிறன். எனக்கு எஞ்சின் படிப்பிக்காதை."

சங்கத்தின் உழவு இயந்திரங்கள் இரண்டும் பழுதாகிப் பற்றைக்குள் நிற்பதை அவள் சொல்லவில்லை.

ஏரம்புவின் மனைவி சிவனேஸ்வரி கைப்பேசியை உயர்த்தினார். "வீடியோ ஓடுது. நிமிந்து இருங்கோ."

பத்து இருபத்தொன்பது. ஏரம்புவின் கை ஸ்டார்ட் செய்யும் திறப்புக்குப் போனது. சிவரூபி பேச்சை விட்டு, பற்றறி வயரைக் கழற்றினாள்.

அவர் திருகினார். சத்தமில்லை. மறுபடி திருகினார். மறுபடியும்.

"பத்தரை ஆச்சு," என்றார் சிவனேஸ்வரி.

ஏரம்பு சூடுபட்டவர்போல் கையை எடுத்தார். இனிப் பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் முடியும்வரை அவர் திறப்பைத் தொடமாட்டார்.

சிவரூபி ஸ்பனரைப் போட்டு எஞ்சினை மெதுவாகக் கையால் சுற்றினாள். அரைச் சுற்றில் இரும்பு இரும்பில் முட்டி நின்றது.

"இன்னும் தள்ளு," என்றார் இறங்கிவந்த ஏரம்பு.

"தள்ளினால் உடையும். நீங்களே பிடிச்சுப் பாருங்கோ."

பிடித்தவருக்கு முகம் வெளுத்தது.

"இறுக்கினது நான், பிழை என்ரைதான். வயரைக் கழட்டினதும் நான்தான்," என்றாள்.

ஏரம்பு தொண்டையைச் செருமி, மாலையைச் சரிசெய்துகொண்டார். "அவசரப்படக்கூடாதெண்டு நான் அப்பவே சொன்னனான்."

"நீங்கள் சொன்னதெல்லாம் இதுக்குள்ள கிடக்கு," என்றார் சிவனேஸ்வரி, கைப்பேசியை இறக்காமலே. "பிள்ளையை வேலை செய்ய விடுங்கோ."

சிவரூபி பெல்ற்றைத் தளர்த்தி, அடையாளத்தை நேராக்கி மறுபடி இறுக்கி, வயரையும் மாட்டினாள். பன்னிரண்டு ஐந்துக்கு எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது.