ஒரு வரி குறைந்த பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக் காதுதான் முதல் கருவி. ஸ்பேனரெல்லாம் அப்புறம். ஏழாவது மாடியில் நின்றபடி, கீழே ஓடும் லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், எல்லாம் ஒழுங்காக ஓடும்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஆக, என் காதுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கோளாறுகள்தான். பாட்டுக் கேட்கிற பழக்கமே கிடையாது. வேலை முடிந்து வந்தால் காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாமா என்றிருக்கும்.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கல்யாணம் நடந்தது. இவன் இனித் தேறமாட்டான் என்று அக்கா கைகழுவி வெகுநாள் ஆகியிருந்தது. நான் கட்டிக்கொண்டவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கணவர் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. தலைவலி மாத்திரை வாங்கப் போன நான், தலைவலி இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தேன். கடைசியில் அவளே, "உங்களுக்கு வியாதி ஒண்ணும் இல்ல, பேசத்தான் ஆள் இல்ல" என்று கண்டுபிடித்துச் சொன்னாள். என் அறையில் ஒருவர் திரும்பிப் படுக்கத்தான் இடம் இருந்தது. அதனால் நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குக் குடிபோனேன்.

கூடத்தில் அவளுடைய முதல் கணவரின் படம் மாட்டியிருந்தது. அச்சகத்தில் வேலை பார்த்தவர். மூக்குக் கண்ணாடி, சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். அவரைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். மரியாதை என்று சொல்லிக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அவர் பேச்சு ஒருமுறை வந்துவிட்டால் அந்த வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிடுவேன் என்று தோன்றியது. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

மழைக்காலத்தில் பின்னறைச் சுவரில் ஈரம் இறங்கியது. புதன்கிழமை எனக்கு விடுமுறை. அவள் கடைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "அந்த அலமாரியக் கொஞ்சம் நகர்த்திடுங்க. உள்ள ரெண்டு அட்டைப்பெட்டி இருக்கும். பிரிக்க வேணாம், அப்படியே பரண்ல தூக்கி வெச்சிடுங்க."

தூக்கினேன். ஒன்றின் அடிப்பாகம் ஊறிப்போய்க் கையோடு வந்துவிட்டது. முப்பத்தெட்டு இசைத்தட்டுகள் சரசரவென்று தரையில் சரிந்தன. சத்தியமாக நான் பிரிக்கவில்லை, பெட்டியே பிரிந்துகொண்டது. எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொரு பெட்டியில் பிளேயர் இருந்தது, பெல்ட் இற்றுப்போய். பழுதான ஒரு மெஷினைக் கண்ணில் காட்டிவிட்டு என்னைச் சும்மா இரு என்றால் நடக்கிற காரியமா? அடுத்த புதனுக்குள் பெல்ட் தேடிப் பிடித்து மாட்டிவிட்டேன்.

கையில் முதலில் வந்த தட்டின் உறையில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள் ஒரு பாடகி. ஓடுகிறதா என்று பார்க்கத்தான் போட்டேன். கொஞ்சம் கரகரப்பு, பிறகு ஒரு கிட்டார், அதன் பின்னால் தயங்கித் தயங்கி அந்தக் குரல். பழக்கதோஷத்தில், எங்கே உரசுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எங்கேயும் உரசவில்லை. துடைக்கிற துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டெல்லாம் முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் என் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை.

அதற்கப்புறம் புதன்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. ஒவ்வொரு உறையின் பின்மூலையிலும் வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் அவர் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. படிக்கட்டுக்காரியின் தட்டை அவர் வாங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நாலு பேர் தங்கியிருந்த அறை, அதில் ஜன்னலோரம் என் பாய். முதல் சம்பளத்தில் எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு மாடிக்குத் துணி எடுக்க வரும் பெண்ணைப் பார்க்க மாலை மாலை நிற்பேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மாலைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது இந்தப் பாட்டு. அப்போதே இது உலகத்தில் இருந்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளி யார் வீட்டிலாவது ஓடியும் இருக்கலாம். எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ட்ரம்பெட் இசை இருந்த இன்னொரு தட்டை அவர் வாங்கிய மாதம் என் அப்பா போன மாதம். மருத்துவமனை வராந்தாவில் பதினொரு நாள் தனியாகக் கிடந்தேன். அதைக் கேட்கக் கேட்க, அந்த வராந்தாவில் யாரோ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் இளமைக்காலம் முழுக்கச் சத்தமில்லாமல் ஓடிய படம் என்றும், இப்போதுதான் யாரோ ஒலியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றும் தோன்றும். கூடத்துப் படத்தில் இருந்தவரோடும் ஒருவழியாகப் பேச்சுவார்த்தை ஆரம்பமானது. "இது அருமை சார்" என்பேன். சில நாள், "இதப் போய் வாங்கியிருக்கீங்களே சார்" என்று சண்டையும் போடுவேன். அவள் வர ஆறு மணி ஆகும். ஐந்துக்கெல்லாம் எல்லாவற்றையும் மூடிப் பரணில் ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடுப்பைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

நாலு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே, வேறொரு தட்டில் கேட்ட பாட்டை என்னை அறியாமல் முனகியிருக்கிறேன். கத்திச் சத்தம் நின்றது.

"அத மறுபடி பாடுங்க."

"எத?"

"இப்ப முனகினீங்களே, அத."

பாடித் தொலைத்தேன்.

"நடுவுல ஒரு வரி போச்சு" என்றாள்.

"இல்லையே, பாட்டே அவ்வளவுதான்."

"பாட்டு அவ்வளவு இல்ல. நம்ம வீட்டுத் தட்டுலதான் அவ்வளவு. அந்த எடத்துல கீறல், ஊசி தாவிடும்."

வசமாக மாட்டிக்கொண்டேன். ஏழு மாடிக்குக் கீழே ஒரு உருளை தேய்ந்தால் கண்டுபிடிக்கிற காது, நாலு மாதமாக இந்தத் தாவலைக் கோட்டைவிட்டிருக்கிறது. பிடித்துப்போனால் காதும் கண்ணை மூடிக்கொள்ளும் போலிருக்கிறது.

"எத்தன நாளா?"

"நாலு மாசம். புதன்கிழமை மட்டும்."

"பிரிக்க வேணாம்னு சொன்னேன்ல?"

"பெட்டி நனஞ்சு கிழிஞ்சுடுச்சும்மா."

"ஓஹோ. பிளேயரும் நனஞ்சு தானா ஓட ஆரம்பிச்சுதாக்கும்?"

பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் நான் அந்தப் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போயும் போயும் ஒரு பாட்டுக்கு ஆசைப்பட்டு இருந்த வீட்டைத் தொலைத்துவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தக் கீறல் நான் போட்டது. துணி மடிச்சுக்கிட்டே ஆடினேன், இடுப்பு மேசைல இடிச்சுது. அவர் ஒரு வார்த்தை சொல்லல. அப்புறம் ரெண்டு பேரும் அந்த வரிய விட்டுட்டுத்தான் பாடுவோம்." லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "கடைசி அன்னிக்குக் கடைல ஒரே கூட்டம். எனக்குத் தலைவலி. வீட்டுல பாட்டு ஓடிட்டிருந்துது. வந்ததும் வராததுமா, அந்தச் சனியன நிறுத்துங்களேன்னு கத்திட்டேன். நிறுத்திட்டார். ஒண்ணுமே சொல்லாம மூடி வெச்சிட்டுப் போய்ப் படுத்தார். காலைல எழுந்திருக்கல."

எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். அதைவிட, எட்டு வருஷமாக இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாளே என்றுதான் அதிகம் வலித்தது.

"எல்லாத்தையும் நல்லாக் கட்டி யாருக்காவது குடுத்துடட்டுமா?" என்றேன்.

"மொத்தத்துல உங்களுக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டாள்.

"படிக்கட்டுல உட்கார்ந்திருக்காங்களே, அவங்க. மத்ததெல்லாம் அப்புறம்தான்."

என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அழுமூஞ்சிப் பாட்டும்பார். நான் அடம்பிடிச்சு வாங்கவெச்சது. எல்லாத்துலயும் அது ஒண்ணுதான் என்னோடது."

கையில் ஒட்டிய பூண்டுத் தோலை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டேன். அவர் வீட்டுச் சாமானைத் திருடித் தின்கிறோம் என்று நாலு மாதமாகக் குறுகிப்போயிருந்தேன். பாட்டிலும் நான் விழுந்தது அவளிடமேதான்.

"போடுங்க" என்றாள்.

பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். ஊசியை வைத்தேன். கிட்டார் வந்தது, குரல் வந்தது. இரண்டாவது வரியிலேயே அவள் உடைந்துவிட்டாள். இத்தனை வருஷம் அடைத்துவைத்த அழுகை, உடம்பெல்லாம் குலுங்கியது. எனக்குப் பதறிப்போய்விட்டது. நிறுத்திவிடலாம் என்று பிளேயரை நோக்கிக் கையை நீட்டினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுங்க" என்றாள். "ஓடட்டும்."