ஓய்வுநாளில் நாற்பது பேனாக்கள்

பஸ்கா பண்டிகைக்கு முன்னால் எங்கள் யூத ஜெபக்கூடத்தில் நடக்கும் குழு நிகழ்ச்சியின் திட்டத்தைப் பதினோரு வருடம் நான்தான் எழுதினேன். அத்தனை வருடத்தில் ஹைஃபா முழுவதிலும் ஒருவர்கூடக் கொட்டாவி விட்டதில்லை; விட்டவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வருடம் கமிட்டித் தலைவர் எல்கானா அதைத் தூக்கி ஹெத்வாவிடம் கொடுத்துவிட்டார். குடிவந்து ஆறு மாதம்கூட ஆகாத, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை அவள்.

"கோவிச்சுக்காதீங்க பினினா," என்றார் எல்கானா ஃபோனில். "எழுதறதுதான் அவங்க. சரிபாக்கறது நீங்க."

"எனக்கென்ன கோவம்? நிம்மதியா இருக்கேன்." அந்த நிம்மதியில் நான் ஃபோனை வைத்த வேகத்துக்கு எங்கள் ஊர் கர்மேல் மலை லேசாக ஆடியது.

செவ்வாய்க்கிழமை ஹெத்வாவின் தாள்கள் வந்தன. நோக்கம், வயது, நேரம், தேவையான பொருட்கள் என்று நான்கு நிறத்தில் கட்டம் போட்டிருந்தாள். நான் ஒருநாளும் நிறம் போட்டதில்லை. உள்ளே ஒரு கேள்வி: 'பஸ்காவுக்காக வீட்டிலிருக்கும் புளித்த மாவைத் தேடி வெளியேற்றுகிறோம். மனதுக்குள் புளித்துக் கிடப்பது எது?' குறை கண்டுபிடிக்க அதை எண்பது தடவை படித்தேன். பாழாய்ப்போன கேள்வி, நன்றாகவே இருந்தது.

அடுத்த படியில்தான் என் அதிர்ஷ்டம் காத்திருந்தது. 'ஆளுக்கொரு பேனா எடுத்து, பதிலைச் சீட்டில் எழுதி, கிழித்துப் போடவும்.'

ஓய்வுநாளில்! எழுதக் கூடாது, கிழிக்கக் கூடாது, பேனாவை இடம் மாற்றி வைக்கக்கூடக் கூடாது. நிகழ்ச்சி முதலில் வியாழக்கிழமைக்கு என்றிருந்தது. மண்டபம் கிடைக்காமல் ஓய்வுநாளான சனிக்கிழமைக்குப் போனது. தாளில் கிழமையை மாற்றியவள் மற்றதை மாற்ற மறந்துவிட்டாள்.

ஒரு ஃபோன் போதும். நான் செய்யவில்லை. அடியில் 'மிக நன்று, பினினா' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அவள் தடுமாறும்போது எழுந்து நின்று காப்பாற்ற, என் சொந்தத் திட்டம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்தோம். வெள்ளியன்றே கொண்டுவந்து வைத்த பேனாப் பெட்டி நடு மேஜையில் இருந்தது. ஹெத்வா தாளைப் பார்த்து வாசித்தாள். "இப்ப எல்லாரும் ஆளுக்கொரு பேனா..." அதோடு நின்றாள்.

"பேனாவா?" என்றார் மருந்துக்கடை நஹ்ஷோன். "ஏன் ஹெத்வா, நம்மள மொத்தமா மதம் மாத்திடலாம்னு பாக்கறீங்களா?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குச் சிரிப்பு. எல்கானா சிரிக்கவில்லை. "இத யாரு சரிபாத்தது?"

நான் எழுந்திருக்கவே இல்லை. கைப்பையிலிருந்த என் திட்டத்தை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளினேன். ஹெத்வா என் கையெழுத்தைப் பார்த்தாள். தாளை நான்காக மடித்தாள்.

"நான்தான். கிழமைய மாத்தினேன், மண்டைய மாத்தல," என்றாள். "சரி, எழுத வேணாம். பக்கத்துல இருக்கறவங்க காதுல சொல்லுங்க. கேட்டவங்க வெளிய விடக் கூடாது. அதுவே கிழிச்சுப் போட்ட மாதிரிதான்."

என்னைத் தவிர எல்லாரும் கிசுகிசுத்தார்கள். தூணோடுகூடச் சண்டை போடும் நஹ்ஷோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பதினோரு வருடத்தில் ஒருவரும் கண்ணைத் துடைத்ததில்லை. என் தலையில் முட்டை பொரித்திருக்கலாம், அப்படி எரிந்தது.

காலியாக இருந்த ஒரே நாற்காலி என் பக்கத்தில். ஹெத்வா வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க பினினா."

கையில் பத்துப் பொய் தயாராக இருந்தது. வாயில் வந்தது வேறு. "செவ்வாக்கிழமையே பாத்துட்டேன். வேணும்னேதான் சொல்லல."

அவள் பேனாப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள். "அடுத்த வருஷம் நீங்களே எழுதுங்க. எல்கானாகிட்ட நான் பேசறேன்."

நான் கூரைக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன்.

"சரிபாக்கறது மட்டும் நான்," என்றாள்.

அடுத்த பஸ்காவுக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. முதல் படியையே ஏழு தடவை அடித்து எழுதிவிட்டேன்.