சாய்மனைக் கதிரையும் ஒரு பலாப்பழமும்

சுன்னாகத்தில் பௌதிகம் படிப்பிக்கிற குகதாசன், படுத்தபடி ஓடுகிற சைக்கிள் ஒன்றைச் செய்து முடித்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஏன்?"

கேட்டால் விளங்கப்படுத்தாமல் விடுகிற பழக்கம் குகதாசனுக்கு இல்லை. கேட்காவிட்டாலும் இல்லை. சாதாரண சைக்கிளில் உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கை அகலமான ஒரு சீற்றில் இறங்குகிறது. மிச்சத்தைக் கைகளும் வளைந்த முதுகும் சுமக்கின்றன. இதிலோ முதுகு முழுவதும் சாய்ந்திருப்பதால் பாரம் பரவிவிடும். கால்கள் முன்னே நீண்டிருக்க, முன்சில்லுக்கும் அப்பால் உள்ள பெடலைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

"அப்ப இது சாய்மனைக் கதிரை. சில்லுப் பூட்டியிருக்கு, அவ்வளவுதான்," என்றார்கள் வந்தவர்கள். பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கதிரைக்குப் பின்னால் இருந்த உழைப்பு யாருக்கும் தெரியாது. முதலில் தடித்த பஞ்சு மெத்தை வைத்தார். வியர்வையைக் குடித்துக் குடித்து அது ஒரு மாட்டின் நாக்கைப் போல முதுகில் ஒட்டிக்கொண்டது. போதாததற்குப் பஞ்சு அமிழ்ந்து, கீழே இருந்த பலகை இடுப்பெலும்பைத் தேடி வந்தது. சாதாரண சைக்கிளில் பள்ளம் வந்தால் பின்புறத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம். படுத்திருக்கிறவன் எதைத் தூக்குவது? ஆகவே குலுக்கலைச் சீற்றே வாங்க வேண்டும். பஞ்சை எறிந்துவிட்டு இரும்புச் சட்டத்தில் நைலோன் கயிற்றைப் பின்னினார். இடுப்புப் பக்கம் இறுக்கம், தோள் பக்கம் தளர்வு. காற்று உள்ளே போய்வந்தது. குகதாசன் அதில் சாய்ந்து கண்ணை மூடிய அன்று, அவருடைய முதுகு பல வருடங்களுக்குப் பிறகு அவரை மறந்திருந்தது.

அந்த முதுகுதான் வீட்டில் பிரச்சினை. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மனைவி பத்மாசினியின் கைதான் தேய்ந்தது. அப்படிப்பட்டவர் இந்தச் சைக்கிளில் தனியே திருகோணமலை வரைக்கும் போகப்போகிறேன் என்றால் அவள் என்ன சொல்வாள்?

"முதல்லை வல்வெட்டித்துறைக்கு ஓடிக் காட்டுங்கோ. தனுசியா வீட்டை போய் வருவம். நான் ஸ்கூட்டியிலை பின்னாலை வாறன். வழியிலை 'முதுகு' எண்டு ஒரு முனகல் கேட்டால், வந்த கையோடை உது பழைய இரும்புக்காரனுக்கு."

தனுசியா, குகதாசனின் அக்கா செல்வநாயகியின் மகள். நிபந்தனை நியாயமானதாகத்தான் அவருக்குப் பட்டது. சீற்றின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகளை அவர் ஏற்கெனவே தைப்பித்திருந்தார். பாரம் தாழ இருந்தால் சைக்கிள் சாயாது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் இழுக்காது. உடுப்பையும் தண்ணீரையும் சமையலறைத் தராசில் நிறுத்து வைத்தார். பௌதிகம் திருப்தியடைந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒருவன் ஒரு ஊருக்குப் போகிறான் என்றால், அந்த ஊரில் இருக்கும் அத்தனை சொந்தங்களுக்கும் பொதிகள் போகும் என்பதைப் பௌதிகம் கணக்கில் எடுக்கவில்லை. வெளிக்கிடும் காலை ஒடியல் மா வந்தது. மிளகாய்த்தூள் வந்தது. முடிவில் செல்வநாயகி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உதை ஸ்கூட்டியிலை வையுங்கோ."

"ஸ்கூட்டியிலை பத்மா கால் வைக்கவே இடமில்லை. நீ சும்மா படுத்துக்கொண்டுதானே போறாய், ஒரு பழத்துக்கு என்ன பாரம்?"

இதற்குப் பதில் இருந்தது. சொல்ல விடவில்லை. சீற்றுக்குப் பின்னால், கரியரில், பழம் கட்டப்பட்டது.

ஒழுங்கை முடியும் முன்பே ஹாண்டில் ஆடத் தொடங்கியது. காரணம் எளிது. பின்னுக்குப் பாரம் ஏற ஏற முன்சில்லு நிலத்தை அழுத்தாது. அழுத்தாத சில்லு சொன்ன பக்கம் திரும்பாது. குகதாசனுக்கு இது நன்றாக விளங்கியது. விளங்கியபடியே ஒரு வேலியைத் தொட்டுவிட்டு வந்தார்.

"என்னப்பா, ஏதும் குடிச்சனீங்களோ?" என்றாள் பின்னால் வந்த பத்மாசினி.

"முன்பாரம் காணாது!"

"முதுகோ?"

"முதுகுக்கு ஒண்டுமில்லை!"

புன்னாலைக்கட்டுவன் கடந்து ஒரு வளைவில், றோட்டு நேராக ஒரு பிள்ளையார் கோயில் வாசலை நோக்கிப் போனது. மற்றச் சைக்கிள்காரர்கள் சீற்றிலிருந்து சற்று எழும்பி நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். குகதாசன் இரண்டு பாதங்களையும் பிள்ளையாரின் முகத்துக்கு நேரே நீட்டியபடி, ஆடி ஆடி வந்துகொண்டிருந்தார்.

பூக்கூடையோடு நின்ற ஒரு பெரியவர் திகைத்துப்போனார்.

"ஆரது? பிள்ளையாருக்கே காலைக் காட்டிக்கொண்டு வாறது?"

குகதாசன் பிறேக் பிடித்தார். சீற்றின் சாய்வை எத்தனை பாகை வைப்பது என்று மாதக்கணக்காக யோசித்தவருக்கு, அந்தச் சாய்வின் மறுமுனை எங்கே பார்க்கும் என்ற யோசனை ஒருநாளும் வந்ததில்லை.

"ஐயா, இது இதின்ரை அமைப்பு..."

"அமைப்பெண்டால் இறங்கி உருட்டும்!"

உருட்டினார். ஏறினார். அடுத்த வளைவில் வைரவர். உருட்டினார். ஏறினார். அம்மன். இந்தக் குடாநாட்டில் தெய்வங்களுக்குக் குறைவில்லை. எல்லாருக்கும் றோட்டுப் பக்கம்தான் வாசல். உலகத்திலேயே சுகமான சீற்றைச் செய்தவர், அதைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார்.

அச்சுவேலி அருகே பத்மாசினி ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, இப்பிடிப் போனால் மத்தியானச் சாப்பாடு இராச் சாப்பாடாப் போயிடும். அந்தப் பிலாப்பழத்தை அவிழுங்கோ."

"என்னத்துக்கு?"

"காலுக்கு முன்னாலை கட்டுவம். சாமிக்குப் பழம் தெரியட்டும். பிறகு கால் ஆருக்குத் தெரியும்?"

பெடலுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் அவளே பழத்தை வைத்துக் கட்டினாள். குகதாசன் மறுக்க வாயெடுத்து, ஏறி, பெடலைத் தள்ளினார். ஹாண்டில் ஆடவில்லை. பழம் முன்சில்லை நிலத்தில் அழுத்தியிருந்தது. ஹாண்டிலோடு திரும்பாமல் சட்டத்தோடு நின்றதால் திருப்பவும் பாரமில்லை. சைக்கிள் கோடு கீறியதுபோல ஓடியது. அடுத்த கோயிலில் நின்றவர்கள் பலாப்பழத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் "நல்ல பழம்" என்றும் சொன்னார்.

தொண்டைமானாற்றுப் பாலத்தில் கடற்காற்று அடித்தது. நைலோன் பின்னல் வழியே அது முதுகைத் தடவியபோது, குகதாசன் மனத்தால் திருகோணமலையை அடைந்துவிட்டார்.

வல்வெட்டித்துறையில் தனுசியாவின் கணவன் நிருஷன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, பிலாப்பழத்தை ஏன் முன்னுக்குக் கட்டினனீங்கள்?"

கேள்வி கேட்டுவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தல் முன்சில்லாகவும் சம்பல் கோப்பை சீற்றாகவும் மாறின. முன்பாரம், பின்பாரம், நடுவில் புவியீர்ப்பு மையம்.

"இது நான் வெளிக்கிட முதலே போட்ட கணக்கு," என்று முடித்தார் குகதாசன்.

பலாப்பழப் பாலைக் கையிலிருந்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த பத்மாசினி, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி துடைத்தாள்.

பொதி கொண்டுவந்தவனை வெறும் பையோடு அனுப்புகிற வழக்கம் வல்வெட்டித்துறையிலும் இல்லை. பின்னேரம் வெளிக்கிட வந்தபோது, பலாப்பழம் இருந்த இடத்தில் கடதாசியில் சுற்றிய இரண்டு பெரிய பொதிகள் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. மணம் அறிமுகம் தேவையில்லாதது.

"கட்டாக் கருவாடு, மாமா. நீங்கள் சொன்ன மாதிரியே முன்னுக்குக் கட்டியிருக்கிறன். ஒரு பொதி பாரம் காணாதெண்டு ரெண்டாக் கட்டினனான்."

குகதாசன் திரும்பிப் போகிற வழியை நினைத்துப் பார்த்தார். முதலில் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன். பிறகு அம்மன், வைரவர், பிள்ளையார். பூக்கூடைப் பெரியவர்.

"தம்பி, உதை ஸ்கூட்டியிலை..."

"ஏனப்பா?" பத்மாசினியின் குரலில் தேன். "முன்பாரம் இல்லாட்டி ஹாண்டில் ஆடுமெல்லே? நீங்கள் முதலே போட்ட கணக்கு."

நிருஷன் பாடம் கேட்கும் பிள்ளையைப் போல முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். குகதாசன் தலையாட்டினார்.

"ஓம், ஓம். முன்னுக்குத்தான்."

"முதுகு எப்பிடி?" என்றாள் பத்மாசினி.

"நல்லாயிருக்கு." அது மட்டும் உண்மை.

"அப்ப சரி. திருகோணமலைக்குப் போங்கோ. நான் சொன்னால் சொன்னதுதான்."

சந்நிதிக் கோபுரம் தெரிய முதலே குகதாசன் இறங்கிவிட்டார். கருவாடு முருகனை முகம் பார்க்கக் கூடாது என்பதற்காகச் சைக்கிளை மறுபக்கம் திருப்பி, பின்சில்லு முன்னால் போக, கோயிலைக் கடக்கும்வரை பின்னோக்கி உருட்டினார். உலகத்திலேயே சுகமான சீற் வெறுமையாகக் காற்று வாங்கிக்கொண்டு போனது.

பத்மாசினி ஸ்கூட்டியை மெல்ல அவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இஞ்சாருங்கோ, திருகோணமலை மட்டும் எத்தினை கோயில் வரும்?"

குகதாசன் மனக்கணக்கில் கெட்டிக்காரர். எண்ணத் தொடங்கினார், கிளிநொச்சி வர முதலே நிறுத்திவிட்டார்.

"அக்காட்டை இன்னுமொரு பிலாப்பழம் இருக்கே?" என்றார்.